உபகாரமா, உரிமையா?

சர்க்கார் உத்தியோகஸ்தரின் பென்ஷனைப் பற்றிச் சில ஆண்டுகளாக நாடெங்கும் பெரும் வாதம் நடந்து வருகிறது. பழைய முறையே வேண்டும் என்பர் ஒரு சாரார்; பொக்கிஷம் தாங்காது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் கவனியாது விட்ட ஒரு கூட்டத்தாரைப் பற்றியே நாம் இன்று எழுதப் புகுந்தோம். இத்தேசத்து உழைப்பாளிகளில் பத்தில் ஒன்பது பேர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

1871ஆம் ஆண்டில் அன்னிய ஆட்சியார் பென்ஷன் சட்டம் ஒன்று இயற்றினர். கலெக்டரின் அத்தாட்சி இல்லாமல் பென்ஷன் வழக்கை எந்த சிவில் கோர்ட்டும் விசாரிக்கலாகாது என்பது அதன் விதி. கொடுப்பது எஜமானின் தயவு. தயவைக் கோர்ட்டில் கேட்க முடியுமோ? நம்மவர் அதற்கு உபகாரச் சம்பளம் என்று பெயரிட்டதும் இக்கருத்துப் பற்றியே. சுதந்திர பாரதத்தின் சுப்ரீம் கோர்ட்டு இக்கொள்கையைத் தள்ளிவிட்டது. 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி நகாரா வழக்கில் அது அளித்த தீர்ப்பின்படி, பென்ஷன் கொடையன்று; முன்செய்த ஊழியத்தால் விளைந்த உரிமை.

நன்று. ஆனால் ஊழியம் என்பது கச்சேரியில் பேனா பிடிப்பது மட்டுந்தானா? காளைகளால் உலகறிந்த அலங்காநல்லூரைச் சுற்றிலும் நெல் நட்டும் கரும்பு வெட்டியும் முதுகு வளைந்த ஆண்களும் பெண்களும் இத்தேசத்துக்குச் செய்தது ஊழியம் அன்றோ? அவர்களுக்குக் கிடைப்பது யாது என்று பார்ப்போம்.

மேற்படியில் இருப்போர் சர்க்கார் ஊழியர். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதலும், மத்திய சர்க்காரில் 2004 ஜனவரி முதலும் புதிதாகச் சேர்ந்தோருக்குப் பழைய பென்ஷன் நின்று, சந்தாத் திட்டம் வந்தது. சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் பென்ஷனைக் கண்டு ஊழியர் அஞ்சினர். ராஜஸ்தான், பஞ்சாப், ஹிமாசலம் முதலிய ராஜ்யங்கள் 2022, 2023ஆம் ஆண்டுகளில் பழைய முறைக்குத் திரும்புவதாக அறிவித்தன. மத்திய சர்க்கார் 2025 ஏப்ரல் முதல், 25 ஆண்டு உழைத்தவர்க்குக் கடைசி ஆண்டின் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊழியர் சந்தாவும் சர்க்கார் பணமும் சேர்ந்து நிதியாக வளர்வதால் இது பழையதினும் நேரானது என்பது நமது அபிப்பிராயம். பழைய முறையில் நிதியென்பதே இல்லை. இன்றைய பென்ஷனை நாளைய வரிகொடுப்போன் தலையில் ஏற்றுவதே அதன் கணக்கு.

அடுத்த படியில் ஆலைத் தொழிலாளர். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் பென்ஷன் திட்டப்படி, 35 ஆண்டு உழைத்தவருக்கும் சம்பள வரம்பு 15,000 என்று கொண்டால் மாதம் ஏறக்குறைய 7,500 ரூபாயே வரும். குறைந்த அளவு 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தனர். பத்தாண்டு கடந்தும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. கரும்பு வரத்துக் குறைந்து அரவை நின்றுபோன அலங்காநல்லூர் கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற இடங்களில் உழைத்தவருக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை.

கடைப்படியில்தான் மற்ற அனைவரும். தமிழ்நாடு 1962ஆம் ஆண்டிலேயே ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கத் தொடங்கியது. 2011இல் அது 1,000, 2023 ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. இது தமிழ்நாட்டுக்குப் பெருமையே. மத்திய சர்க்காரோ 1995 ஆகஸ்டு 15ஆம் தேதி 75 ரூபாயில் ஆரம்பித்து, 2006இல் 200 ரூபாய் ஆக்கியது. 80 வயது கடந்தோர்க்கு 2011இல் 500 ஆயிற்று. மற்றோர்க்கு அந்த 200 ரூபாய் 2025ஆம் ஆண்டு வரை ஒரு காசும் ஏறவில்லை. நாளொன்றுக்கு ஏழு ரூபாயும் தேறாது. ஒரு வேளைக் கஞ்சிக்கும் போதாது. உத்தியோகஸ்தர் பென்ஷனுக்கு ஆண்டில் இருமுறை பஞ்சப்படி ஏறுகிறது. விலைவாசி அவருக்கு மட்டுந்தான் ஏறுகிறதோ?

பொக்கிஷத்தில் பணமில்லை என்பது வழக்கமான பதில். கணக்குப் பார்ப்போம். மத்திய உதவி பெறும் முதியோர் சுமார் 2 கோடி 20 லட்சம் பேர். அவர்களுக்கு 200 ரூபாயை 1,000 ஆக்க ஆண்டுக்குச் சுமார் 21,000 கோடி கூடுதலாக வேண்டும். 2025-26ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டோ 50 லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாய்ச் செலவில் அரை ரூபாயும் ஆகாது! இல்லாதது பணமன்று, மனம்.

பிள்ளைகள் காப்பாற்றட்டும் என்பாரும் உளர். அதற்கென்றே 2007இல் சட்டம் வந்தது. ஆனால் திருப்பூருக்கும் சென்னைக்கும் கூலிக்குப் போய் அரை வயிறு உண்ணும் மகன் மீது தாய் வழக்காடுவது எங்ஙனம்?

முதியோர் தொகை நம் நாட்டில் பெருகி வருகிறது. காலந்தாழ்த்தினால் சுமையும் பெருகும். ஆகவே நாம் கோருவன மூன்று. மத்திய உதவியை உடனே 1,000 ரூபாயாக உயர்த்துக. அதனையும் ஆலைத் தொழிலாளர் பென்ஷனையும் விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் ஏற்றுக. கூலித் தொழிலாளர் இளமையில் கட்டும் சந்தாவுக்குச் சர்க்காரும் சம பங்கு இட்டு, வேலையும் ஊரும் மாறினாலும் அறுபடாத நிதியாக அதனைக் காத்திடுக.

முதுமையில் உதவி அளிப்பது ராஜாங்கத்தின் கடமை என்று நமது அரசியல் சட்டத்தின் 41ஆம் விதி கூறுகிறது. சக்திக்கு உட்பட்டு என்றும் அவ்விதியே கூறுகிறது. அச்சக்தி உண்டென்பதை மேலே கணக்கிட்டுக் காட்டினோம். எனவே தேசத் தொண்டர்கள் தத்தம் ஊர்க் கிராமசபையில் இம்மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, பார்லிமெண்டு அங்கத்தினருக்கு அனுப்புக. வோட்டுக் கேட்டு வந்தவர் இதற்கும் விடை சொல்லட்டும்.