அறுபதோடு உடம்பு முடிந்துவிட்டதா?

"வயசாயிடுச்சு பாட்டி, இனி அப்படித்தான் இருக்கும்."

தோழர்களே! முழங்கால் வீங்கி மருந்தகத்துக்குப் போகும் நம் கிழவிக்குக் கிடைக்கும் மருந்து பல சமயம் இந்த ஒரு வாக்கியந்தான். காலைத் தொட்டுப் பார்த்தார்களா? இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்களா? அதுவும் இல்லை. முப்பது வயது வாலிபன் அதே காலோடு போய் நின்றால் படம் எடுக்காமலா அனுப்புவார்கள்? நாற்பது வருஷம் காண்டாவாளி சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால் அது. தேய்ந்தது வயதாலா, வேலையாலா? கேட்க நாதியில்லை.

இது நம் லயத்துப் புலம்பல் மட்டுமன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை 149 ஆய்வுகளைச் சுட்டுகிறது. அவற்றில் 85 விழுக்காட்டில், இன்னாருக்கு இன்ன சிகிச்சை என்பதை முடிவு செய்தது வயதுதான்!

சட்டமாவது காக்கிறதா? 1969-ஆம் ஆண்டின் சொக்சோ சட்டத்தைப் பாருங்கள். வியாதியால் முடங்கியவருக்கு இயலாமைப் பென்ஷன் உண்டு. ஆனால் 60 வயதுக்குள் முடங்கிவிட வேண்டும்! அதற்குப் பிறகும் மரம் வெட்டுகிறவருக்கு வேலையால் வரும் காயத்துக்கும் நோய்க்கும் மட்டுமே காப்பு. மாரடைப்போ பக்கவாதமோ வந்து படுத்தால் அவர் பாடு. "60 கடந்தவரிடம் சந்தா பிடிப்பதில்லையே" என்பார்கள். உண்மைதான். பிடியுங்கள், காப்பையும் கொடுங்கள் என்றல்லவா நாம் கேட்கிறோம்! சேமநிதியிலும் இதே கதை. 60 தாண்டிய தொழிலாளிக்கு முதலாளியின் கட்டாயப் பங்கு 2019 முதல் 4 விழுக்காடுதான். வெட்டுகிறவரின் வயதைக் கேட்டா மரம் பால் கொடுக்கிறது?

அரசியல் சாசனத்தின் 8-ஆவது ஷரத்து மதம், இனம், வம்சம், பிறப்பிடம் காரணமாகக் குடிமக்களிடையே பேதம் காட்டலாகாது என்கிறது. 2001-இல் ஆண், பெண் என்ற பேதமும் அதில் சேர்ந்தது. வயது என்ற சொல் அங்கே இல்லை. சேர்க்க வைக்க நம்மால் முடியாதா? பெண்களுக்காகப் போராடியவர்களும் ஒரு நாளில் வென்றுவிடவில்லை.

வேலை செய்யும் காலம் வரை இயலாமைக் காப்பு வேண்டும். வயதைக் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒவ்வொரு கிளையும் தீர்மானமாகப் போடட்டும். மருந்தகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பும் முதியவர் உடனே கிளைச் செயலாளரிடம் வரட்டும். கிராணித் தோழர்களே, தேதியையும் அங்கே சொன்ன சொல்லையும் அப்படியே எழுதிக் கொடுங்கள். தலைமையகத்தின் மேசைக்கு அந்தக் காகிதங்கள் கட்டுக் கட்டாகப் போய்ச் சேர வேண்டும்.