பிள்ளை கதை எழுதட்டும்



பாடசாலைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் சிறுகதை ஆக்கமும் ஒன்று. அந்தக் காலத்தில் பிள்ளை கொப்பியோடு வந்து, "அம்மா, என்னத்தை எழுதுறது?" என்று கேட்கும். "எனக்கென்ன தெரியும், ரீச்சரைக் கேள்" என்று அனுப்பிவிடாதீர்கள்.

'மரம் வளர்ப்போம்' என்பது கட்டுரை. கதைக்கு ஓர் ஆள் வேண்டும். அவருக்கொரு தேவையும் அதற்கொரு தடையும் வேண்டும். தொலைந்த ஆட்டுக்குட்டியைப் பொழுதுபட முன்னர் தேடிப் பிடிக்க ஓடும் சிறுமி போதும். அந்த ஒரு பின்னேரத்தில் நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். உரையாடல் நாம் வீட்டில் பேசுவது போலவே இருக்கட்டும். முடிவில் அறிவுரை வேண்டாம். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்துப்பிழையைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொரு விடயம். போர் 2009இல் முடிந்தது. இன்று பாடசாலை செல்லும் பிள்ளைகள் பலர் அதன் பின் பிறந்தவர்கள். ஆனாலும் சுவரில் மாலை போட்ட படங்களைப் பார்த்தே வளர்கிறார்கள். "மாமாவைப் பற்றி எழுது, பரிசு கிடைக்கும்" என்று தூண்ட வேண்டாம். தானாக எழுதினால் தடுக்கவும் வேண்டாம். பெயரை மாற்றி, வேறோர் ஊரில் நடந்ததாக எழுதலாம் என்று சொல்லுங்கள். சொந்தத் துயரைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கக் கதை இடம் தருகிறது.

அதைப் போட்டிக்கு அனுப்புவதா, கொப்பியிலேயே வைத்திருப்பதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.