தலை எண்ணும் சட்டமும் கணக்கில் வராத உழைப்பும்

பெங்களூரு என்றதும் கண்ணாடிக் கட்டடங்களும் பல்லாயிரம் பேர் பணியாற்றும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களுமே நினைவுக்கு வருகின்றன. வேலை நேரம் குறித்த விவாதமும் அந்த வளாகங்களைச் சுற்றியே நடக்கிறது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் அதை 90 மணி நேரமாக உயர்த்தினார். அதற்கு எதிராக நாடெங்கும் கண்டனக் குரல்கள் எழுந்தன. அது சரியானதே.

ஆனால் அதே பெங்களூருவின் கோரமங்களாவிலும் எச்எஸ்ஆர் லேஅவுட்டிலும், மும்பையின் அந்தேரியிலும், குருகிராமிலும் நொய்டாவிலும், குடியிருப்பு வீடுகளின் மாடிகளிலும் வாடகை மேசைகளிலும் எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் எனப் பணிபுரியும் டிஜிட்டல் விளம்பர நிறுவனங்கள் இந்த விவாதத்தில் இடம்பெறுவதில்லை. "ஏஜென்சி" என்று அழைக்கப்படும் இவற்றில் வேலை செய்வோர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பட்டதாரிகள். தங்களைத் தொழிலாளர்கள் என்று அவர்கள் அழைத்துக்கொள்வதில்லை. மற்றவர்களும் அவ்வாறு கருதுவதில்லை. நிறுவனம் சிறியது, ஆகவே சுரண்டலும் சிறியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மை நேர்மாறானது. நிறுவனத்தின் சிறிய அளவே இங்கு சுரண்டலுக்கான கருவியாகச் செயல்படுகிறது.

விற்கப்படுவது எது?

ஒரு பல் மருத்துவமனை, ஒரு நகைக்கடை, ஓர் அடுக்குமாடிக் கட்டுமான நிறுவனம், ஒரு தனியார் பள்ளி: இத்தகைய வாடிக்கையாளர்களிடம் மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு, அவர்களுடைய இன்ஸ்டாகிராம், முகநூல் பக்கங்களை நடத்துவதும், கூகுள் விளம்பரங்களைக் கையாள்வதும், இணையதளம் அமைப்பதும் ஏஜென்சியின் தொழில். வாசகம் எழுதுபவர், வடிவமைப்பாளர், காணொளி தொகுப்பவர், வாடிக்கையாளர் தொடர்பாளர் எனப் பணிகள் பெயரளவில் பிரிக்கப்பட்டிருக்கும். நடைமுறையில் ஒருவரே மூவரின் வேலையைச் செய்கிறார். ஒரே ஊழியரின் எட்டு மணி நேரம் ஐந்து வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டு விற்கப்படுகிறது. அந்த ஐவருமே தங்கள் வேலைதான் இன்று முடிய வேண்டும் என்கின்றனர். ஆகவே எட்டு மணி நேரம் பன்னிரண்டாக நீள்கிறது.

இங்கு நேரம் எண்ணப்படுவதில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். பல ஏஜென்சிகளில் எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு நேரம் செலவானது என்று ஊழியர்கள் அன்றாடம் நேரக்குறிப்பு எழுதித் தர வேண்டும். அந்தக் கணக்கு வாடிக்கையாளருக்கு விலை சொல்வதற்கானது. ஊழியருக்கு மிகைநேர ஊதியம் வழங்குவதற்கு அது ஒருபோதும் பயன்படுவதில்லை.

கணக்கிலேயே வராத உழைப்பும் உண்டு. புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக மாதிரி விளம்பரங்களும் ஓராண்டுத் திட்டமும் இலவசமாகத் தயாரித்துக் காட்டப்படுகின்றன. அதற்கான விலையை மாலை நேரங்களாலும் ஞாயிற்றுக்கிழமைகளாலும் செலுத்துபவர்கள் ஊழியர்களே. கிரிக்கெட் போட்டி நள்ளிரவில் முடிந்தால், வெற்றி வாழ்த்து அடுத்த சில நிமிடங்களில் வெளியாக வேண்டும். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வாடிக்கையாளர் கேட்கும் திருத்தம் காலைக்குள் முடிய வேண்டும். தீபாவளி, ஈத், கிறிஸ்துமஸ் என அனைவரின் பண்டிகைகளுக்கும் வாழ்த்து தயாரிப்பவர்களுக்குத் தங்கள் பண்டிகை நாளில் ஓய்வு கிடைப்பதில்லை. மே தினமும் இதற்கு விதிவிலக்கல்ல. தொழிலாளர்களை வாழ்த்தும் சுவரொட்டியை, விடுப்பு இல்லாத ஊழியர் ஒருவர் வடிவமைக்கிறார்.

"குடும்பம்" என்னும் உறவு

உரிமையாளர் அடுத்த மேசையில் அமர்ந்திருக்கிறார். அவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். இரவு வேலை நீண்டால் அவரே உணவு வரவழைக்கிறார். "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்பது இங்கு அன்றாட வாசகம். அதில் உண்மையான நட்பும் இருக்கக்கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் குடும்பத்தில் ஊதிய விகிதம் கேட்பது அநாகரிகம் ஆகிவிடுகிறது. விடுப்பு கேட்பது சக ஊழியரின் தலையில் சுமையை ஏற்றுவதாகிறது. விலகுவது துரோகமாகிறது. முறையிடுவதற்குத் தனி அதிகாரி எவரும் இல்லை. எவரைப் பற்றிப் புகாரோ அவரிடமே புகாரைச் சொல்ல வேண்டும்.

விலகும் நாளில் குடும்பம் கலைந்து ஒப்பந்தம் வெளிப்படுகிறது. இறுதிக் கணக்கு மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்படுகிறது. பணிவிடுப்புக் கடிதம் பிணையாகப் பிடித்துவைக்கப்படுகிறது. போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று கையெழுத்து வாங்கிய தாள் காட்டப்படுகிறது. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவில் கூறுகிறது. 22 வயது ஊழியருக்கு அதைச் சொல்வதற்கு அருகில் எவரும் இல்லை.

பத்து, இருபது, முந்நூறு

இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் உரிமைகளைத் தலை எண்ணி வழங்குகின்றன. தொழிலாளர் அரசு காப்பீடு, பணிக்கொடை, மகப்பேறு பயன் ஆகியவற்றுக்குப் பொதுவாகப் பத்துப் பேர் வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கு இருபது பேர் வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்துப் பேர் இருந்தால்தான் நிறுவனத்திற்குள் புகார்க் குழு அமையும். அதற்குக் குறைவான இடங்களில் பணிபுரியும் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை நாட வேண்டும். அப்படியொரு குழு இருப்பதே பெரும்பாலானோருக்குத் தெரியாது.

இந்த எண்களை உரிமையாளர்கள் நன்கு அறிவார்கள். மேசையில் அமர்ந்து முழு நாளும் வேலை செய்யும் ஊழியர் ஏட்டில் "ஆலோசகர்" ஆகிறார். ஊதியத்திற்குப் பதிலாகத் தொழில்முறைக் கட்டணம். அதில் 10 விழுக்காடு வரிப் பிடித்தம். வைப்பு நிதி இல்லை, காப்பீடு இல்லை, ஊதியத்துடன் கூடிய விடுப்பு இல்லை. இவ்வாறு இருபது பேர் இயங்கும் அலுவலகம் ஏட்டில் பத்துக்கும் கீழே இறங்கிவிட முடிகிறது.

தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை மீறி, 29 சட்டங்களை விழுங்கிய நான்கு சட்டத் தொகுப்புகளை ஒன்றிய பாஜக அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியது. நிலையாணைகளுக்கான வரம்பு 100இலிருந்து 300 ஆக உயர்ந்தது. ஆய்வாளர் என்ற பதவியே "ஆய்வாளர் மற்றும் உதவியாளர்" என மாற்றப்பட்டது. மாநிலங்களும் அதே திசையில் செல்கின்றன. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் வரம்பைப் பத்துப் பேரிலிருந்து இருபதாக உயர்த்தவும், நாளொன்றுக்கு 9 மணி நேர வேலையை 10 ஆக்கவும் 2025 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கர்நாடகத்தின் காங்கிரஸ் அரசோ தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து வழங்கிய விலக்கை 2024இல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தது. பெரிய நிறுவனத்திற்கு அரசாணையால் விலக்கு. சிறிய நிறுவனத்திற்கு அளவினாலேயே விலக்கு.

"தொழிலாளி" என்ற வரையறையும் சிக்கலாகவே உள்ளது. கற்பனைத் திறனும் படைப்பு மனமும் தேவைப்படும் பணி என்பதைக் காரணம் காட்டி, ஒரு விற்பனை ஊழியரைத் தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1990களின் தொடக்கத்திலேயே கூறியது. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு உழைக்கும் பத்திரிகையாளரையும் விற்பனை மேம்பாட்டு ஊழியரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. விளம்பர வாசகம் எழுதுபவரைப் பெயர் சொல்லவில்லை. "படைப்பாளி" என்ற பாராட்டு இவ்வாறு உரிமையைப் பறிக்கும் சொல்லாகிவிடும் அபாயம் உள்ளது. அந்தப் படைப்பும் அவருக்குச் சொந்தமல்ல. மாற்று ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணியின்போது உருவாக்கியதற்கு முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்.

சிறு முதலாளியின் தலைக்கு மேலே

ஏஜென்சி உரிமையாளர் பெரும்பாலும் நேற்றுவரை ஊழியராக இருந்தவரே. வாடிக்கையாளரின் விளம்பரச் செலவில் பெரும்பகுதி கூகுளுக்கும் மெட்டாவுக்கும் சென்றுவிடுகிறது. எஞ்சிய கட்டணத்தையும் பெரிய நிறுவனங்கள் மூன்று மாதம் வரை நிறுத்திவைக்கின்றன. சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் வாடிக்கையாளரை இழக்க அஞ்சும் உரிமையாளர் அதைக் கேட்கத் துணிவதில்லை. அவர் கேட்கத் துணியாத பணத்திற்காக ஊழியரின் சம்பளத் தேதி தள்ளிப்போகிறது.

பெரும் நிறுவனத்திடமிருந்து பன்னாட்டு விளம்பரக் குழுமத்திற்கு, அங்கிருந்து சிறு ஏஜென்சிக்கு, அங்கிருந்து வீட்டிலிருந்தபடி இந்தியிலோ வங்காளத்திலோ தமிழிலோ சொல்லுக்கு இத்தனை பைசா என்று எழுதித் தருபவருக்கு என்று வேலை கைமாறிக்கொண்டே இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு கழிகிறது. துண்டுக்கூலி முறை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே உழைக்காத இடைத்தரகர்களை வளர்க்கிறது என்பதை "மூலதனம்" நூலின் முதல் பாகத்திலேயே மார்க்ஸ் விளக்கியிருக்கிறார். கணினியும் இணையமும் அந்த விதியை மாற்றிவிடவில்லை. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், அதே ஊதியத்தில் கூடுதல் வேலையைக் கேட்பதற்குப் புதிய காரணமும் கிடைத்துவிட்டது.

மேல்மட்டத்தில் இருப்பவர்களோ ஒருவரோடு ஒருவர் பேசிவைத்துக்கொள்ளத் தயங்குவதில்லை. விளம்பரக் கட்டணங்களைக் கூட்டாக நிர்ணயித்ததாக எழுந்த குற்றச்சாட்டின் பேரில், 2025 மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையம் பன்னாட்டு விளம்பரக் குழுமங்களின் அலுவலகங்களில் சோதனை நடத்தியது. கீழே உள்ள எட்டுப் பேர் மட்டும் தங்கள் ஊதியம் எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாதாம்!

வாசல்தோறும் அல்ல, வட்டாரம் தோறும்

எட்டுப் பேர் உள்ள அறையில் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. செய்தால் எட்டுப் பேரும் வீட்டுக்கு அனுப்பப்படுவர். ஆகவே இங்கு சங்கம் நிறுவனத்தை அடிப்படையாகக் கொள்ள முடியாது. இது இடதுசாரி இயக்கத்திற்குப் புதிய அனுபவமும் அல்ல. பீடித் தொழிலாளர்கள் வீடு வீடாகச் சிதறிக் கிடந்தவர்கள். அவர்களுக்காகப் போராடிப் பெற்ற 1966ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் அமர்ந்து சுற்றுபவரையும் தொழிலாளியாக ஏற்றது. அச்சட்டத்தை ஏற்க மறுத்துக் கண்ணூரில் முதலாளிகள் பீடிக் கூடங்களை மூடியபோது, 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவு எழுந்தது.

தொழிற்சங்கப் பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும். ஆதரவு எண்ணிக்கையை ஒரு நிறுவனத்தை வைத்து மட்டுமின்றி, தொழில் முழுவதையும் வைத்தும் காட்டலாம். நூறு உறுப்பினர்களே போதுமானது. 2017இல் உருவான கர்நாடக மாநில தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம், 14 மணி நேர வேலை நாளுக்கான 2024ஆம் ஆண்டு முன்மொழிவை எதிர்த்து வீதியில் நின்றது. அந்தக் கொடி பெரிய வளாகங்களின் வாயிலோடு நின்றுவிடாமல் கோரமங்களாவின் மாடிப்படிகளிலும் ஏற வேண்டும்.

கைவசம் உள்ள உரிமைகளிலிருந்து தொடங்கலாம். நான்கு தொகுப்புகளும் திரும்பப் பெறப்பட வேண்டும் என்ற கோரிக்கையில் மாற்றமில்லை. அதே வேளையில், ஊதியச் சட்டத் தொகுப்பின் ஊதியம் வழங்கும் விதிகளுக்குத் தலை வரம்பு கிடையாது. அதன்படி மாத ஊதியம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள்ளும், விலகுபவரின் ஊதியப் பாக்கி இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் வழங்கப்பட வேண்டும். கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரத்தையும் மிகைநேரத்திற்கு இரட்டை ஊதியத்தையும் கூறுகிறது. ஊழியர் எழுதித் தரும் நேரக்குறிப்பே அதற்கான சான்றாக முடியும். இழுத்தடிக்கப்பட்ட ஓர் இறுதிக் கணக்கைச் சங்கம் பெற்றுத் தந்தால், அந்தச் செய்தி நகரத்தின் அத்தனை ஏஜென்சிகளுக்கும் ஒரே நாளில் பரவும்.

இவற்றுக்கு மேலாக, தலை வரம்பின்றி அனைவருக்கும் வைப்பு நிதியும் காப்பீடும், "ஆலோசகர்" என்ற போர்வையை நீக்கி ஊழியராக ஏற்பு, பணி நேரத்திற்குப் பின் அழைப்பை மறுக்கும் உரிமை ஆகியன போராட்ட முழக்கங்களாக வேண்டும். கடைசியாகச் சொன்ன உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டன.

இந்த ஊழியர்கள் வேற்று உலகத்தவர் அல்லர். தோழர்களின் வீட்டுப் பிள்ளைகளும் கிளைக்கு அருகில் வாடகைக்குக் குடியிருப்போருமே அவர்கள். இரவு பதினொரு மணிக்கும் அவர்களின் கைபேசி ஏன் ஒலிக்கிறது என்று கேட்பதிலிருந்தே அமைப்பு வேலை தொடங்குகிறது.