பூட்டி வைக்காத ஈஸ்ட்

மாணவர்களே, அறிவியல் கூடத்தில் பி.எச். தாளை நனைத்து, அதன் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவுகோல் ஒரு பியர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா?

பியர் உங்களுக்கான பானம் அன்று. மதுபானம் வாங்க சிங்கப்பூரில் 18 வயதும் மலேசியாவில் 21 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். அந்த வயது வந்த பிறகும் மது உடலுக்குக் கேடுதான். ஆனால், அது உருவாகும் விதத்தில் இருப்பதெல்லாம் உங்கள் பாடநூலின் அறிவியல்.

சிறிய கைவினை ஆலையானாலும் பெரிய தொழிற்சாலையானாலும் படிகள் ஒன்றே. வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்ட விடுகிறார்கள். முளைக்கும்போது அமிலேஸ் என்ற நொதியம் பெருகுகிறது. நம் உமிழ்நீரிலும் அமிலேஸ் உண்டு. முளைத்த தானியத்தை உலர்த்தி, உடைத்து, ஏறக்குறைய 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் கலக்கிறார்கள். ஏன் கொதிநீரில் கலப்பதில்லை? கொதிநீரில் நொதியம் செயலிழந்துவிடும். வெந்நீரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்த இனிப்பு நீரை வடித்து, கசப்புக்காக ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைக்கிறார்கள். ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாகவும் கரிவளியாகவும் மாற்றுகிறது. ரொட்டி மாவு உப்புவதும் இதே நொதித்தலால்தான்.

இந்தக் கடைசிப் படிதான் ஆலைகளுக்குத் தலைவலியாக இருந்தது. சில வேளைகளில் காரணம் தெரியாமல் பியர் கெட்டுப்போகும். டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் உரிமையாளர் ஜே.சி. ஜேக்கப்சன் 1875-இல் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். அங்கே எமில் கிறிஸ்டியன் ஹான்சன், நல்ல ஈஸ்டுடன் காட்டு ஈஸ்ட் கலந்துவிடுவதே காரணம் என்று கண்டார். 1883-இல் ஒரே ஓர் உயிரணுவைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தார்.

அதை ரகசியமாக வைத்திருந்தால் கார்ல்ஸ்பெர்க் போட்டியாளர்களை வீழ்த்தியிருக்கலாம். ஆனால், ஜேக்கப்சன் அந்த ஈஸ்டை மற்ற ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார். முக்கியமான எந்த முடிவையும் மறைக்கக்கூடாது என்பது அந்த ஆய்வுக்கூடத்தின் விதி. அதே கூடத்தில்தான் 1909-இல் சோரன்சன் பி.எச். அளவுகோலை உருவாக்கினார். இன்று அது எல்லா நாட்டு மாணவர்களுக்கும் சொந்தம்.

டப்ளினில் இருந்த கின்னஸ் ஆலை வேறு வழியில் சென்றது. ஆலையின் ரகசியம் வெளியே போய்விடும் என்று அஞ்சி, ஊழியர்கள் தங்கள் பெயரில் ஆய்வு வெளியிட அது தடை விதித்திருந்தது. குறைந்த மாதிரிகளை வைத்து நம்பகமான முடிவுக்கு வருவது எப்படி என்று அங்கே ஆராய்ந்தவர் வில்லியம் கோசெட். 1908-இல் தம் கட்டுரையை 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவர், என்ற புனைபெயரில் வெளியிட்டார். உலகம் முழுவதும் பயன்படும் டி-சோதனை அதிலிருந்து வந்தது. உரிய பெயர்தான் மறைந்து நின்றது.

இந்த இரண்டு கதைகளும் நம் வகுப்பறைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. தேர்வு நெருங்கினால் குறிப்புப் புத்தகத்தை ஒளித்து வைக்கிறோம். செய்முறையில் எதிர்பார்த்த விடை வராவிட்டால், அந்த எண்ணை அழித்துவிட்டுப் பக்கத்து மேசையின் எண்ணை எழுதுகிறோம். இரண்டும் மறைத்தல்தான். கெட்டுப்போன பியரை ஹான்சன் சத்தமில்லாமல் கொட்டியிருந்தால், காட்டு ஈஸ்ட் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

போட்டி நிறைந்த உலகில் பகிர்ந்தால் நமக்கு நட்டமாகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஈஸ்டைக் கொடுத்ததால் கார்ல்ஸ்பெர்க் அழிந்துவிடவில்லை. இன்றும் உலகறிந்த நிறுவனமாக இருக்கிறது.

அடுத்த செய்முறை வகுப்பில் உங்களுக்குத் 'தவறான' எண் கிடைத்தால், அதை அப்படியே எழுதுங்கள். ஏன் அப்படி வந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். விடை தெரிந்ததும் பக்கத்து மேசைக்கும் சொல்லுங்கள்.