ஒளிரும் பலகையில் தமிழ் மட்டும் ஏன் தட்டை?

தோக்கியோவின் ஷின்ஜுக்கு ரயில் நிலையத்திற்கு எதிரே, ஒரு கட்டடத்தின் உச்சியில் ராட்சதப் பூனை ஒன்று சோம்பல் முறிக்கும். 2021 ஜூலையில் தோன்றிய அந்தக் காட்சியை உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்திய ஆண்டு, தென்கொரியாவின் சோல் நகரில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் அலை மோதுவது போன்ற காட்சி உலகை வியக்க வைத்தது. இன்று நம் புக்கிட் பிந்தாங் சந்திப்பிலேயே இப்படிப்பட்ட திரைகளை அண்ணாந்து பார்க்கிறோம்.

இவ்வளவு பெரிய திரை சிறு வணிகருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ‘முன்னே துருத்தி நிற்கும்’ பெயர்ப் பலகை வேண்டும் என்ற ஆசை அவர்களையும் தொற்றிக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாலை நேரத்தில் நடந்தால் பெட்டி எழுத்துகளும் பின்னொளிப் பலகைகளும் வரிசையாக மின்னுகின்றன. அவற்றைப் பார்க்கும்போது ஒன்று என்னை உறுத்துகிறது. பல கடைகளில் ரோமன் எழுத்தில் உள்ள பெயர் புடைத்து ஒளிர்கிறது. தமிழ்ப் பெயரோ ஓரத்தில் தட்டையான ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கிறது. இரவானால் அது கண்ணுக்கே தெரிவதில்லை.

இதற்குக் காரணம் தேடும் முன், இந்த மாயத் தோற்றம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம்.

மூலைத் திரையில் ஓடும் படம், சந்திப்பில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்பவரின் பார்வைக்கு ஏற்பக் கணக்கிட்டு வரையப்படுகிறது. திரையின் இரு பக்கங்களும் ஓர் அறையின் சுவர்களாகத் தோன்றும். படத்துக்குள் ஒரு சட்டத்தையும் வரைந்து, பூனையின் பாதம் அதைத் தாண்டுவதாகக் காட்டினால், பாதம் தெருவுக்கே நீண்டுவிட்டதாக மூளை நம்பிவிடும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் படம் கோணலாகிவிடும்.

கடைகளில் வைக்கப்படும் ‘முடிவில்லாச் சுரங்கம்’ இன்னும் எளிது. பின்புறம் ஒரு கண்ணாடி. முன்புறம் ஒளியில் ஒரு பகுதியை மட்டும் வெளியே விடும் அரைக்கண்ணாடி. இடையில் எல்இடி விளக்குப் பட்டை. ஒளி இரண்டுக்கும் நடுவே மாறி மாறித் தெறிக்கும். ஒவ்வொரு பிம்பமும் முந்தியதைவிட மங்கலாக இருப்பதால், சில அங்குல ஆழமுள்ள பெட்டி நீண்ட குகைபோல் தெரிகிறது. நம் இயற்பியல் பாடத்தில் வரும் அதே ஒளித்தெறிப்புதான் இது.

மின்சாரமே இல்லாமலும் ஆழத்தைக் காட்டலாம். தூரிகையால் பலகை எழுதியவர்கள் எழுத்தின் ஒரு பக்கம் நிழல் தீட்டி அதைச் செய்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன், நிழலிலிருந்து மூளை எப்படி வடிவத்தை உணர்கிறது என்பதை 1988-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் விளக்கினார். ஒளி மேலிருந்து வருகிறது என்றே மூளை எடுத்துக்கொள்கிறது. மேல்பாதி வெளுத்தும் கீழ்ப்பாதி கறுத்தும் உள்ள ஒரு வட்டத்தை வரைந்து பாருங்கள். அது புடைத்துத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். அதே வட்டம் குழியாகிவிடும்.

ஆக, ஆழம் காட்டுவது ஓர் அறிவு. அந்த அறிவு தமிழ் எழுத்துக்குப் பயன்படாமல் போவதுதான் என் கவலை.

நம் நாட்டில் கடைப் பெயர்ப் பலகைக்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் தேவை. தேசிய மொழி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். மற்ற மொழிகளும் உடன் இடம்பெறலாம். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூரில் பெயர்ப் பலகைகளின் மொழி குறித்து நடத்தப்பட்ட சோதனைகள் பெரும் விவாதமாயின. எந்த மொழி இருக்கிறது, எது பெரிதாக இருக்கிறது என்றே எல்லாரும் பேசினோம். எந்த மொழி ஒளிர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தமிழைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதைத் தட்டையாக்குவது பெரும்பாலும் நம் கடைக்காரர்களின் முடிவுதான்.

அந்த முடிவுக்குச் செலவு ஒரு காரணம். பெட்டி எழுத்து செய்யும்போது முகப்பை வெட்டியெடுத்து, அதன் விளிம்பு நெடுகிலும் உலோகப் பட்டையை வளைத்து ஒட்டி, உள்ளே விளக்கு பொருத்த வேண்டும். ‘ண’, ‘ழ’ போன்ற எழுத்துகளில் வளைவுகள் அதிகம், வேலையும் அதிகம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிப் பெட்டி. அதற்குத் தனி ஒயர் வேண்டும், தனிப் பிடிமானம் வேண்டும். செலவுக்கு அஞ்சிப் புள்ளியை விட்டுவிட்டால் ‘பால்’ கடை ‘பால’ கடையாகிவிடும்.

அறியாமை இன்னொரு காரணம். ஆங்கில எழுத்துக்குப் பழகிய கைகள் அதே அளவு ஒளியையும் நிழலையும் தமிழுக்கும் கொடுத்துவிடுகின்றன. ஒளி கசிந்து சுழிகளை அடைத்துவிடுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரிகின்றன. பூக்கடையின் ‘மணம்’ ‘மனம்’ ஆகிறது. ஸ்டிக்கரில் பிழை வந்தால் மறுநாளே உரித்து மாற்றலாம். உலோகத்தில் வந்த பிழையை மாற்ற யாரும் மீண்டும் பணம் செலவழிப்பதில்லை. அது ஆண்டுக்கணக்கில் தொங்கும்.

“தமிழர்கள் எப்படியும் கடையைக் கண்டுபிடித்து வந்துவிடுவார்கள், மற்றவர்களுக்குத்தானே விளம்பரம்?” என்று வணிகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தெருக்களுக்குச் சுற்றுப்பயணிகளை இழுப்பதே அவற்றின் இந்திய முகம். படம் எடுக்க வருபவர் எந்த நகரிலும் காணக்கூடிய எழுத்தைத் தேடி வருவதில்லை. முழுப் பெயரையும் புடைப்பாகச் செய்ய வசதி இல்லையென்றால், ஒரே ஒரு தமிழ்ச் சொல்லையாவது பெட்டி எழுத்தாக்கலாம்.

எஸ்பிஎம் முடித்து வரைகலையோ திவெட் தொழில்திறன் கல்வியோ பயில நினைக்கும் மாணவர்களே, இங்கே உங்களுக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது. வெட்டும் வேலையை இயந்திரம் செய்துவிடும். எந்தச் சுழியை எவ்வளவு திறந்து வைக்க வேண்டும், புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

இன்றே ஒரு பயிற்சி செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த கடையின் பெயரைத் தமிழில் வடிவமைத்து நிழல் கொடுங்கள். பிறகு கைப்பேசித் திரையில் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். புள்ளி தெரிகிறதா? ‘ண’ ‘ண’வாகவே இருக்கிறதா? இருந்தால், அந்தக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பலகையை அடுத்த முறை மாற்றும்போது அவர் உங்களை நினைத்துக்கொள்ளக்கூடும்.