பாசி கொல்வதில்லை, பந்தி வைக்கிறது

பவளப்பாறைகள் அழிகின்றன என்று யாராவது பேச்செடுத்தால் போதும், "கடல் சூடாகுது, நாம என்ன பண்ண முடியும்?" என்ற பெருமூச்சோடு பேச்சு முடிந்துவிடும். கடல் சூடாவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. உலகம் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளும் குற்றம் கடைசியில் யாருடைய குற்றமும் இல்லாமல் போய்விடுகிறது. பவளத்தின் சாவில் உள்ளூர்க்காரர்களுக்கும் பங்கு இருக்கிறது. அது பாசி வழியாகவும், பாசி தீனி போட்டு வளர்க்கும் நுண்ணுயிர்கள் வழியாகவும் நடக்கிறது. அந்தக் கதைதான் இன்றைக்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எல்லாப் பாசியும் வில்லன் கிடையாது. பவளத்தின் உடம்புக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலை வாங்கி அதற்குச் சோறு போடுகிறது. பாறைமேல் இளஞ்சிவப்புப் பூச்சு மாதிரி படியும் சுண்ணாம்புப் பாசி, பவளத்தின் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ள இடம் தருகிறது. நான் சொல்லும் ஆள் வேறு. புல் மாதிரியும் கீரை மாதிரியும் தழைத்து வளரும் பாசி.

இந்தப் பாசி பவளத்தை எப்படிக் கொல்கிறது? வெயிலை மறைக்கும், இடத்தைப் பிடிக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். 2006-ல் ஜெனிஃபர் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனை அதற்கு மேலும் ஒன்றைக் காட்டியது. பாசியையும் பவளத்தையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வைத்தார்கள். நடுவில் 0.02 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி. பாக்டீரியாகூட அதில் நுழைய முடியாது. தண்ணீரும் அதில் கரைந்தவையும் மட்டும்தான் போகும். பாசி பவளத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் பவளங்கள் அத்தனையும் செத்தன. அடுத்து அதே ஏற்பாட்டில் ஆம்பிசிலின் சேர்த்தார்கள். ஆமாம், டாக்டர் எழுதித் தரும் அதே ஆன்டிபயாடிக்தான். ஒரு பவளம்கூடச் சாகவில்லை!

அப்படியென்றால் கொன்றது பாசி இல்லை, பவளத்தின் மேல் இருந்த பாக்டீரியா. பாசி செய்தது பந்தி வைத்ததுதான். ஒளிச்சேர்க்கையில் அது செய்யும் சர்க்கரையில் ஒரு பகுதி கடல்நீரில் கசிகிறது. அதைத் தின்று பாக்டீரியா பெருகுகிறது. பெருகிய கூட்டம் மூச்சுவிட்டே, பவளத்தை ஒட்டிய நீரில் இருக்கும் ஆக்சிஜனைக் காலி செய்கிறது. நோய் தரும் இனங்களுக்கும் இது கொண்டாட்டம். மூச்சுத் திணறி பவளம் சாகிறது. காலியான இடத்தில் இன்னும் கொஞ்சம் பாசி முளைக்கிறது. மறுபடி பந்தி. கந்துவட்டி மாதிரி, ஒருதடவை மாட்டினால் அதுவே வளர்ந்துகொண்டு போகும்.

இது கண்ணாடித் தொட்டியில் மட்டும் நடக்கும் விஷயமா? பசிபிக் நடுவில் லைன் தீவுகள் என்று ஒரு வரிசை உண்டு. 2005-ல் ஆய்வாளர்கள் அங்கே நான்கு இடங்களை ஒப்பிட்டார்கள். ஒரு முனையில் கிங்மன் பாறைத்திட்டு, ஆளே கிடையாது. மறுமுனையில் கிரிட்டிமாட்டி, அப்போது சுமார் 5,000 பேர் (எழுத்தில்தான் கிரிட்டிமாட்டி, அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது கிறிஸ்துமஸ்தான்). கிங்மனில் மீன்களின் மொத்த எடையில் 85 சதவீதம் சுறா போன்ற பெரிய வேட்டை மீன்கள். கிரிட்டிமாட்டியில் 19 சதவீதம். கிங்மனில் பவளம் செழிப்பு. கிரிட்டிமாட்டியில் பாசி அதிகம், பவள நோயும் அதிகம். கடல்நீரில் நுண்ணுயிர் எண்ணிக்கையோ கிங்மனைப் போல 10 மடங்கு. மாநகரமோ தொழிற்சாலையோ இல்லாத தீவு அது!

இங்கே பி.காம். படிக்கிறவனுக்கு ஒரு சுவாரசியம். 2016-ல் மூன்று பெருங்கடல் பகுதிகளில் 60 இடங்களில் எடுத்த அளவீடுகள் வெளியாயின. பாசி நிறைந்த பாறைகளில் கரைந்த கரிமப்பொருள் அதிகமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? குறைவாகத்தான் இருந்தது. பாசி விட்டதையெல்லாம் நுண்ணுயிர்கள் உடனுக்குடன் தின்று தீர்த்துவிட்டன. பேங்க் பாஸ்புக்கில் கடைசி வரியின் இருப்பை மட்டும் பார்த்து ஒருவனை ஏழை என்று சொல்வது போன்ற தப்பு இது. பார்க்க வேண்டியது புழக்கத்தை.

சரி, பாசியைக் கட்டுக்குள் வைப்பது யார்? மேய்கிறவர்கள். கிளி மூக்கு மாதிரி வாயுள்ள கிளிமீன்கள், கடல் முள்ளெலிகள். ஜமைக்காவில் மேயும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். மிச்சமிருந்த மேய்ப்பு வேலையை முள்ளெலிகள்தான் பார்த்தன. 1980-ல் ஆலன் புயல் பவளங்களை நொறுக்கியது. 1983-ல் கரீபியன் முழுக்கப் பரவிய ஒரு கொள்ளைநோயில் முள்ளெலிகளும் போயின. 1970-களின் கடைசியில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்த பவளப்பரப்பு 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழ். அந்த இடமெல்லாம் பாசி.

இப்போது எதிர்க்கேள்வி வரும், வரவும் வேண்டும். 2015-16 எல் நினோ வெப்பத்தில் கிரிட்டிமாட்டி தன் பவளத்தில் சுமார் 90 சதவீதத்தை இழந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத ஜார்விஸ் தீவும் 95 சதவீதத்துக்கு மேல் இழந்தது. அப்புறம் எதற்கு உள்ளூர்ப் பாதுகாப்பு? நியாயமான கேள்வி. மீனைக் காப்பாற்றினால் வெப்பம் குறையாது. ஆனால் வெப்பம் அடித்துப்போட்ட பிறகு எழுந்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. செத்த பாறைமேல் முதலில் குடியேறப்போவது பவளக் குஞ்சா, பாசியா என்பதை மேய்கிற மீனும் கரையிலிருந்து வரும் சாக்கடையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பெலீஸ் 2009-ல் மேயும் மீன்களைப் பிடிக்கத் தடை போட்டது. அதே ஆண்டு ஹவாயின் மாவி தீவிலும் ஒரு கடற்பகுதியில் தடை வந்தது. 2010-ல் பொனேர் தீவு கிளிமீனைப் பிடிப்பதைத் தடுத்தது. உலக மாநாடு எதற்கும் இவர்கள் காத்திருக்கவில்லை.

நம் மன்னார் வளைகுடாவுக்கும் இதில் பாடம் உண்டு. ஐஸ்கிரீம் வரை பயன்படும் ஒரு கெட்டிப்பொருளுக்காக, கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மண்டபம் பக்கம் வளர்க்க ஆரம்பித்தோம். 2008-ல் அது குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களைப் போர்த்தி வளர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்தத் தொழிலை நம்பிப் பல பெண்கள் குடும்பம் நடத்துகிறார்கள், அதை நிறுத்து என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் லாபக் கணக்கு எழுதும்போது, அந்தப் பாசி பவளத்துக்கு வைக்கும் செலவையும் ஒரு வரியாக எழுதத்தான் வேண்டும். இப்போது அந்தச் செலவு யார் கணக்கிலும் வருவதில்லை.

பூமியின் சூட்டைக் குறைக்க உலகமே ஒன்றுகூட வேண்டும். கிளிமீனை விட்டுவைக்கவும் சாக்கடையைத் திருப்பவும் ஒரு பஞ்சாயத்து கூடினால் போதும். பெரிய வேலை முடியவில்லை என்பதைச் சாக்காக வைத்துச் சின்ன வேலையையும் செய்யாமல் இருக்கிறோமே, என் கோபம் அதன்மேல்தான்.