வாடகைக்கு ரசீது கேட்பது அவமரியாதையா?

சென்னையில் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத வாடகை அட்வான்ஸ். மாதா மாதம் 5ஆம் தேதிக்குள் வாடகையை ஹவுஸ் ஓனர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டும். முதல் மாதம் ஒருவன் தயங்கித் தயங்கி ரசீது கேட்கிறான். "என்ன தம்பி, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்கிறார் ஓனர். அத்தோடு பேச்சு முடிந்தது. அடுத்த மாதம் யாரும் கேட்பதில்லை.

இரண்டு வருடம் கழித்துக் காலி செய்யும்போதுதான் அந்த நம்பிக்கையின் விலை தெரிகிறது. "ரெண்டு மாச வாடகை பாக்கி இருக்கு, பெயிண்ட் வேற அடிக்கணும்" என்று அட்வான்ஸில் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறார். வாடகை கொடுத்தோம் என்று அவர்களால் சொல்லத்தான் முடியும், காட்ட முடியாது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

நண்பர்களே, ரசீது என்பது ஓனர் பெரிய மனது பண்ணித் தருகிற சலுகை அல்ல. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை கொடுத்தவருக்குக் கையெழுத்திட்ட ரசீது பெறும் உரிமை உண்டு என்கிறது அது. வேலைக்குப் போன பிறகு வருமான வரியில் வீட்டு வாடகைப் படிக்குச் சலுகை கேட்கவும் இதே ரசீதுதான் வேண்டும்.

அடுத்தது அக்ரிமெண்ட். எல்லா ஊரிலும் அது ஏன் 11 மாதத்துக்கே போடப்படுகிறது? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கக் கண்டுபிடித்த வழிதான் 11 மாதம். "பதினொரு மாசம்தானே, சும்மா ஒரு பேப்பர்ல எழுதி வச்சா போதும்" என்ற நினைப்பு இப்போது செல்லாது. புதிய சட்டப்படி எந்த வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதிவுக்கு அரசு இணையதளமே இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்து தரும்படி ஓனர் மனு போடலாம். இரண்டு பேரும் சேர்ந்து செய்யாமல் விட்ட வேலைக்கு ஒருவர் மட்டும் மூட்டை கட்ட வேண்டும்! இது நியாயமா? பேப்பர் வேண்டாம் என்று பெரும்பாலும் சொல்பவர் ஓனர்தான். ஒப்பந்தம் போட மறுத்தவருக்கு அந்த மறுப்பே ஆயுதமாகிவிடக் கூடாது. குடியிருப்பவர் ஒப்பந்தம் கேட்டதற்கு ஆதாரம் இருந்தால் அந்தக் காரணத்தை ஏற்கக் கூடாது என்று சட்டத்திலேயே திருத்தம் வர வேண்டும்.

ஓனர்கள் பக்கமும் பயம் உண்டு. 1960ஆம் ஆண்டுப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில், அற்ப வாடகைக்குப் பல வருடம் காலி செய்யாமல் இருந்த குடித்தனக்காரர்களை அவர்கள் மறக்கவில்லை. வாடகை வருமானம் வரிக் கணக்கில் வந்துவிடுமே என்ற கவலை இன்னொன்று. முதல் பயத்துக்கு மருந்தே ஒழுங்கான ஒப்பந்தம்தான். இரண்டாவது பயத்துக்காக வாடகைதாரர் ஏன் பலியாக வேண்டும்?

சட்டம் மாறும் வரை காத்திருக்காமல் சில விஷயங்களைச் செய்யலாம். வாடகையை ஓனரின் சொந்த வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். எந்த மாத வாடகை என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். ரொக்கம்தான் என்று அடம்பிடித்தால் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் அட்வான்ஸ் பற்றிய வரியைப் படியுங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். ஆனால் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதுவே செல்லும். பத்து மாதத்துக்குச் சம்மதித்து எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் புலம்பிப் பயனில்லை.

மளிகைக் கடையில் பில் கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் முகம் சுளிப்பதில்லை. சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்குகிற வாடகைக்கு மட்டும் ஏன் வெறும் நம்பிக்கை? ரசீது கேட்பது யாரையும் சந்தேகிப்பது ஆகாது. பின்னாளில் ஒருவரை ஒருவர் சந்தேகிக்காமல் இருக்கத்தான் அந்தச் சின்னக் காகிதம்.